மூன்றாவது மாடிக்குச் சொல்லாத சேதி

செல்வியக்கா,

நீ இருந்த ஊருக்கு வந்துவிட்டேன். எத்தனையோ தடவை கூப்பிட்டாய். "ஒருநட வந்து பாருல ராசு. இங்க ஏரி இருக்கு. காலைல ஏரிய காணாது, பனிதான் இருக்கும்" என்று போனில் சொல்வாய். நான் கடையில் வேலை இருக்கு, லீவு இல்லை என்று ஏதாவது சொல்வேன். இப்போது கூப்பிட ஆள் இல்லை, வந்து நிற்கிறேன். ரயில் ஏறியதிலிருந்து முழித்திருக்கிறேனா தூங்குகிறேனா என்றே தெரியவில்லை அக்கா.

இதைப் படிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். செல்வி என் கூடப்பிறந்த அக்கா. அம்மாவும் அப்பாவும் போன பிறகு என்னை வளர்த்தவள். நான் எட்டாவதோடு நின்றவன். கோவில்பட்டியில் பைக் மெக்கானிக் கடையில் வேலை பார்க்கிறேன். அக்கா கல்கத்தாவில் லேக் கார்டன்ஸ் என்கிற இடத்தில், எங்கள் பக்கத்து ஊர் அய்யாதுரை அண்ணாச்சியின் இட்லிக் கடையில் இருந்தாள். அங்கே துர்கா பூஜை முடிந்ததும் லீவில் ஊருக்கு வந்தாள். வரும்போதே உடம்பு அனலாக இருந்தது. டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்த அந்த வாரமே போய்விட்டாள். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. கொள்ளி வைத்ததும் மொட்டை போட்டதும் நான்தான்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு அண்ணாச்சி போன் போட்டார். "அவ பெட்டி இங்க கெடக்குடே. வந்து எடுத்துட்டுப் போ. இன்னொரு சோலியும் இருக்கு. அத நேர்லதான் சொல்ல முடியும்."

ரயிலில் எனக்கு எதிர் சீட்டில் ஒரு வயசாளி. சென்னையில் கண் ஆபரேஷன் முடித்து, கறுப்புக் கண்ணாடி போட்டு, துணைக்கு யாரும் இல்லாமல் தனியாகக் கல்கத்தா திரும்பிக்கொண்டிருந்தார். வைத்தியத்துக்காக அடிக்கடி தமிழ்நாட்டுக்கு வருவாராம். அதனால் அவருக்குத் தெரிந்த தமிழ் எல்லாம் ஆஸ்பத்திரித் தமிழ். "ஊசி." "மாத்திரை." "அப்புறம் வாங்க." இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பொரியில் கடுகெண்ணெய் விட்டு, பச்சை மிளகாயும் வெங்காயமும் நறுக்கிப் போட்டு எனக்கும் ஒரு பேப்பரில் தந்தார். எண்ணெயின் காரம் மூக்கில் ஏறியது. எங்கள் ஊர்க் காரப்பொரி நாக்கைத்தான் பிடிக்கும், இது நேரே நெற்றியைப் பிடிக்கிறது.

ஒரிசா பக்கம் எங்கேயோ வயலெல்லாம் தண்ணீராகக் கிடந்தது. ஒரு பொம்பளை முதுகைக் காட்டிக்கொண்டு வரப்பில் நடந்து போனாள். அக்கா நடை அதே நடை. ரயில் அவளைத் தாண்டுவதற்குள் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று ஜன்னலில் முட்டினேன். பார்க்க முடியவில்லை. அழுதுவிட்டேன். அந்தப் பெரியவர் கண்ணாடி வழியாக என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

"வலிக்குதா?"

"ஆமாங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு இன்னும் ஒரு கைப்பிடி பொரி போட்டார்.

ஹவுராவில் இறங்கியபோது வெயில் இன்னும் வரவில்லை. ஆற்றின் மேல் பாலம் பாதிதான் தெரிந்தது. மீதிப் பாதி பனிக்குள் போய்விட்டது. அதன் மேல் போகிற சனமெல்லாம் எங்கேயோ கரைந்து போகிற மாதிரி இருந்தது. மண் குவளையில் டீ குடித்தேன். குடித்த பிறகு குவளையை என்ன செய்வது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் இருந்தவர் தன்னுடையதைத் தொட்டியில் வீசி உடைத்துக் காட்டினார். எனக்கு உடைக்க மனசு வரவில்லை. பைக்குள் போட்டுக்கொண்டேன்.

பஸ்ஸில்தான் தப்பு நடந்தது. கண்டக்டரிடம் "லேக், லேக்" என்றேன். அவர் "உட்கார் உட்கார்" என்று கையைக் காட்டினார். ஜன்னல் ஓரம் கிடைத்ததும் தூங்கிப்போனேன். முழித்துப் பார்த்தால் நாலு பக்கமும் கண்ணாடிக் கட்டடங்கள். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக நடக்கிறார்கள். நான் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

"எங்கடே நிக்க?"

"தெரியல அண்ணாச்சி. ஏரிய காணோம். ஒரே கம்ப்யூட்டர் ஆபீசா இருக்கு."

"ஏல, அது சால்ட் லேக்! நம்ம கடை தெக்க, அது வடக்குப் பக்கம்லா. செல்வியும் மொத நாள் அங்கதான் போய் எறங்குனா. அக்கா தம்பி ரெண்டு பேருக்கும் ஒரே மூள."

அது கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவள் தொலைந்த இடத்தில் நானும் தொலைந்திருக்கிறேன். கொஞ்ச நேரம் அங்கேயே பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டுத்தான் அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

அண்ணாச்சி கடை ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. நாலு பெஞ்சு, ஒரு கல், ஒரு கொப்பரை. சாம்பார் இனித்தது. நான் முகத்தைச் சுளித்ததைப் பார்த்துவிட்டு அண்ணாச்சி சிரித்தார். "இங்க ஒரு துண்டு வெல்லம் போடலன்னா வாரவன் எந்திச்சுப் போயிருவான். வந்த புதுசுல எனக்கும் கொமட்டிச்சு. இப்ப ஊருக்குப் போனா அங்க உள்ள சாம்பார் கசக்கு."

அவருடைய மகள் பூரணி காலேஜில் படிக்கிறாள். பிறந்ததே இங்கேதான். தமிழை யோசித்து யோசித்துப் பேசுவாள், வங்காளத்தைத் தண்ணீராகப் பேசுவாள். அவள்தான் அக்கா இருந்த அறையைத் திறந்துவிட்டாள். தகரப் பெட்டி ஒன்று, ஒரு ஸ்வெட்டர், ஜன்னல் கம்பியில் காய்ந்துபோன மல்லிகைச் சரம். அந்த நாரைத் தொட்டதும் உதிர்ந்தது.

சாயங்காலம் கடையில் கூட்டம் இல்லாத நேரம் அண்ணாச்சி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

இந்தத் தெருவில் மாடி வீடுகளில் தனியாக இருக்கிற வயசானவர்கள் நிறைய. பிள்ளைகள் வெளியூரில், வெளிநாட்டில். காலையில் அவர்களுக்கு இட்லி கொண்டுபோய்க் கொடுத்தது அக்காதான். படியேறிப் போவதில்லை. அவர்கள் பால்கனியிலிருந்து கயிற்றில் பையை இறக்குவார்கள். இவள் டப்பாவை உள்ளே வைப்பாள். அப்படியே நாலு வார்த்தை பேசுவாள். தூங்கினீர்களா, கால் வீக்கம் எப்படி, மாத்திரை போட்டாச்சா என்று.

"அதுல மூணாவது மாடி மாசிமான்னு ஒரு அம்மா" என்றார் அண்ணாச்சி. வயசில் மூத்த பெண்களை இங்கே எல்லோரும் மாசிமா என்றுதான் கூப்பிடுகிறார்கள். நம் ஊரில் பெரியம்மா என்கிற மாதிரி. "செல்வி மேல உசுரு அதுக்கு. அந்த வீட்டுக்கு மட்டும் செல்வி படியேறிப் போயி, தல சீவி விட்டு, காலுக்கு எண்ணெ தேச்சு விட்டு வருவா. இப்ப தெனமும் என்ட்ட கேக்கு, செல்வி எப்ப வருவான்னு. இருதயம் வீக்காம். மவன் வெளிநாட்டுல இருந்து போன் போட்டு, அம்மாட்ட கெட்ட சேதி ஒண்ணும் சொல்லாதீங்கன்னுட்டான். எனக்கு என்ன சொல்லன்னு தெரியல. செல்விக்கு ஊர்ல கல்யாணம்னுட்டேன்."

டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

"கல்யாணமா?"

"நம்ம கடைல லீவுல போறவன் பூராவும் அதத்தானடே சொல்லிட்டுப் போவான். இருவத்தஞ்சு வருசமா அதக் கேட்டுக் கேட்டு, நாக்குல அதுதான் நின்னுச்சு."

அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீ ஒருநட மேல போயி, கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது, அக்கா இனிமே அங்கதான்னு ஒரு வார்த்த சொல்லிரு. நீ சொன்னா நம்பும். லட்டு தாரேன். கல்யாண லட்டுன்னு குடு."

எனக்குக் கோபம் வரவில்லை. அக்கா பட்டுச் சேலை கட்டி, மாலை போட்டு நிற்கிற மாதிரி ஒரு நிமிஷம் தெரிந்தது. அந்தப் படத்தை நான் அதுவரைக்கும் யோசித்ததே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. எழுந்து போய் அவள் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் காலையில் பூரணி, "அண்ணா, என்கூட வர்றியா? டிஃபன் குடுக்கணும்" என்று கூப்பிட்டாள். தெருவில் பனி அப்படியே உட்கார்ந்திருந்தது. வீடுகளுக்குக் கீழ்ப்பாதி மட்டும்தான் இருந்தது. அவள் சைக்கிள் பெல்லை அடித்தாள். மேலே எங்கேயோ கதவு திறக்கிற சத்தம். பிறகு ஆகாயத்திலிருந்து ஒரு பை இறங்கி வந்தது. மஞ்சள் துணிப் பை. ஆளைக் காணோம், கையைக் காணோம், கயிறு மட்டும். அந்தப் பக்கம் இன்னொன்று. அதற்குப் பிறகு இன்னொன்று. சத்தமே இல்லாமல் இறங்குகின்றன. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அக்கா இதைப் பற்றிச் சொன்னதே இல்லை. தினமும் பார்த்ததால் சொல்லத் தோன்றவில்லை போலிருக்கிறது.

பையில் முந்தின நாள் டப்பா கழுவித் திரும்ப வரும். வெறும் டப்பாவாக யாரும் அனுப்புவதில்லை. நம் வீடுகளிலும் அப்படித்தானே, பக்கத்து வீட்டுக் கிண்ணத்தை வெறுமனே கொடுக்க மாட்டோம். ஒரு டப்பாவில் எலுமிச்சம்பழம், ஒன்றில் கொஞ்சம் சர்க்கரை, ஒன்றில் நாலு செம்பருத்தி. மூன்றாவது மாடிப் பையில் வந்த டப்பா கனமாக இருந்தது. திறந்தால் சூடாகப் பூரி மாதிரி, வெள்ளை வெளேரென்று. கூட உருளைக்கிழங்கு.

"லூச்சி" என்றாள் பூரணி. "நீ எடுத்துக்கோ. மாசிமா தெனமும் இப்படித்தான் நெறைய அனுப்புறாங்க."

"நல்ல மனசு. நல்லாத்தான் இருக்காங்க போல" என்றேன் நான்.

ஏரிக்கரையில் உட்கார்ந்து அதை முழுவதும் சாப்பிட்டேன். தண்ணீரில் ஒல்லிப் படகுகள் சத்தம் இல்லாமல் போயின. மரங்களுக்கு நடுவே வயசானவர்கள் வட்டமாக நின்று, கையைத் தூக்கி, எல்லோரும் ஒரே நேரத்தில் ஹா ஹா என்று சிரித்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை, சும்மாவே சிரித்தார்கள். உடம்புக்கு நல்லதாம். சிரித்து முடித்ததும் ஒருவரோடு ஒருவர் பேசாமல், ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பிரிந்து பனிக்குள் போனார்கள். எங்கள் ஊரிலும் பிள்ளைகள் வெளியூர் போன வீடுகள் இருக்கின்றன. ஆனால் தெருவில் இறங்கினால் யாராவது சண்டைக்காவது வருவார்கள். இங்கே சிரிப்பதற்குக்கூட ஏரிக்கு வர வேண்டியிருக்கிறது. பச்சை சால்வை போர்த்திய ஒருத்தி மரத்துக்குப் பின்னால் திரும்பினாள். நான் எழுந்து ஓடவில்லை. அக்காவாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதற்கடுத்த நாள் மூன்றாவது மாடி டப்பாவில் சோறும் மீன் குழம்பும் இருந்தன. நான் மூடியைத் திறந்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு அம்மா படியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்து டப்பாவைப் பிடுங்கினாள். மாசிமா வீட்டில் வேலை செய்கிற மாலதி. அவள் கத்தியதைப் பூரணி எனக்குத் தமிழில் சொல்லச் சொல்ல, எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"வெக்கமா இல்ல உங்களுக்கு? அது அவங்களோட ராத்திரிச் சாப்பாடு! நான் செஞ்சு வச்சிட்டுப் போறத எல்லாம் டப்பால போட்டு உங்களுக்கு அனுப்பிடறாங்க. உங்க இட்லிய காக்காவுக்கு வெக்கிறாங்க. வெறும் டீயும் பிஸ்கட்டும்தான் ஓடுது. நேத்து குளிக்கிற ரூம் வாசல்ல மயங்கி உக்காந்திருந்தாங்க. நீங்க இங்க நின்னு மீன் மோந்து பாக்கறீங்க!"

"ஏன் சாப்பிட மாட்டேங்கிறாங்க?" என்று கேட்கச் சொன்னேன்.

மாலதி ஒரே வார்த்தைதான் சொன்னாள். "அபிமான்."

பூரணி தமிழில் தேடினாள். "அது... கோபம் இல்ல அண்ணா. வெளி ஆள் மேல வராது. நமக்கு ரொம்ப வேண்டியவங்க மேல மட்டும் வரும். செல்வி அக்கா கல்யாணத்துக்கு ஒரு வார்த்தகூட சொல்லலையே, ஒரு போன்கூட பண்ணலையேன்னு."

எனக்குப் புரிந்தது. அக்காவும் அப்படித்தான். என்னோடு சண்டை என்றால் சாப்பிட மாட்டாள். அவளைச் சாப்பிட வைப்பதற்காகவே நான் பலதடவை மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

அன்றைக்கு மத்தியானமே போவது என்று முடிவானது. அண்ணாச்சி லட்டை ஒரு டப்பாவில் கட்டினார். பிறகு என் தலையைப் பார்த்தார். முடி அப்போதுதான் முள்முள்ளாக முளைத்திருந்தது.

"இது ஆவாதே. இங்க மொட்டைன்னா ஒரே அர்த்தந்தான்" என்று சொல்லி, தன்னுடைய குரங்குக் குல்லாவை எடுத்து என் காது வரைக்கும் இழுத்துவிட்டார். கார்த்திகை பிறந்ததும் இந்த ஊரில் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்களே, அந்தக் குல்லா. "கேட்டுச்சுன்னா திருச்செந்தூர் மொட்டைன்னு சொல்லு. பூரணி, வெளங்குதா?"

"அப்பா, நீ ஒரு பொய்க்கு மேல எத்தன பொய் அடுக்குவ?" என்றாள் அவள்.

சிவப்புச் சிமெண்ட் படி. மாடி ஏற ஏறத் தெருச் சத்தம் அடங்கிப்போனது. கதவைத் திறந்தது ஒரு சின்ன உருவம். வெள்ளைச் சேலை, தடிக் கண்ணாடி. மணிக்கட்டில் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. உள்ளே மரச் சட்டம் வைத்த பச்சை ஜன்னல்கள். வெயில் கோடு கோடாகக் கட்டில் மேல் விழுந்திருந்தது. அதற்குள் தூசு மெதுவாக நீந்தியது. மாத்திரை எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில். தண்ணீருக்குள் இருக்கிற வீடு மாதிரி இருந்தது.

"ஷெல்பியோட தம்பியா?" என்றார் மாசிமா. எங்கள் அக்கா பெயர் இங்கே ஷெல்பி. "அதே மூக்கு." சொல்லிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். பூரணி வரி வரியாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். "கல்யாண வீட்டுக்காரங்களுக்கு இப்பதான் வழி தெரிஞ்சுதா? நான் ஒண்ணும் கோவிச்சுக்கல. அவகிட்ட சொல்லிடு, எனக்குக் கோவமே இல்லைன்னு."

நான் லட்டை நீட்டினேன். வாங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஓரக்கண்ணால் பார்த்தார்.

"மாப்பிள்ளை எப்படி? கறுப்பா?"

நான் தலையை ஆட்டினேன்.

"இருக்கட்டும். விருந்துல மீன் உண்டா?"

"இல்ல, எங்க ஊர்ல கல்யாணத்துக்கு மீன் போட மாட்டாங்க" என்றேன். அது பொய் இல்லை.

"மீன் இல்லாம ஒரு கல்யாணமா! அதான் என்னைக் கூப்பிடல" என்று சிரித்துவிட்டார். பூரணியும் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த ஒரு நிமிஷம் நாங்கள் மூன்று பேரும் நிஜமாகவே கல்யாண வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

பிறகு மாசிமா கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை இழுத்தார். மஞ்சள் கைத்தறிச் சேலை, அரக்குக் கரை. தெருவில் போகிற சேலைக்காரனை மேலே வரவழைத்து எடுத்தாராம். "உங்க ஊர்ல கல்யாணத்துக்கு வெள்ளை ஆகாதுன்னு சொல்லியிருக்கா. சிவப்பு அவளுக்கு எடுக்காது. அதான் மஞ்சள்." என் கையில் சேலையை வைக்க வந்தவர், "என்னப்பா இப்படி வேர்க்குது உனக்கு?" என்று கேட்டுக்கொண்டே, குழந்தைக்குக் கழற்றுகிற மாதிரி என் குல்லாவை உருவிவிட்டார்.

அப்படியே நின்றார்.

எங்கள் பக்கத்தில் மொட்டை என்றால் நேர்ச்சையாக இருக்கலாம், சந்தோஷமாகக்கூட இருக்கலாம். பரீட்சை பாஸானதற்கும் போடுவார்கள். இங்கே அப்படி இல்லை.

"அம்மாவா? அப்பாவா?" என்று கேட்டார்.

பூரணி அவசரமாக ஏதோ சொன்னாள். அதில் எனக்குத் திருச்செந்தூர் மட்டும்தான் புரிந்தது. மாசிமா அவள் பக்கம் திரும்பவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டு மறுபடி கேட்டார். "கே?" யார் என்று அர்த்தம். பூரணி சொல்லாமலே புரிந்தது.

ஆமாம், திருச்செந்தூர் என்று ஒரு தடவை தலையை ஆட்டியிருந்தால் போதும். கையில் அந்த மஞ்சள் சேலை இருந்தது. என்னால் முடியவில்லை.

"திதி" என்றேன். அக்காவுக்கு இங்கே அதுதான் வார்த்தை. பிறகு, "செல்வி" என்றேன்.

மாசிமா கட்டிலில் உட்கார்ந்தார். கீழே யாரோ பழைய பேப்பருக்குக் கூவிக்கொண்டு போனார்கள். அந்தக் குரல் தெரு முனை வரைக்கும் போய்த் தேய்ந்தது. பூரணி கையில் போனை வைத்துக்கொண்டு டாக்டரையா அப்பாவையா என்று தெரியாமல் நின்றாள். நான் மாசிமாவின் நெஞ்சையே பார்த்தேன். சேலை ஏறி இறங்குகிறதா என்று. ஏறி இறங்கியது.

பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். எப்போது? என்ன காய்ச்சல்? வலித்ததா? பக்கத்தில் யார் இருந்தது? கடைசியாக என்ன கேட்டாள்?

"கலர் சோடா கேட்டா" என்றேன். "டாக்டர் குடுக்கக் கூடாதுன்னாங்க. நான் திருட்டுத்தனமா ஒரு மடக்கு குடுத்தேன். சிரிச்சா."

ஊரில் துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் எப்படி ஆச்சு, எவ்வளவு செலவாச்சு என்று கேட்டார்கள். அவள் கடைசியாக என்ன கேட்டாள் என்று யாரும் கேட்கவில்லை. மாசிமா கேட்கக் கேட்க நான் எல்லாவற்றையும் சொன்னேன். பாதிக்கு மேல் பூரணியால் மொழிபெயர்க்க முடியவில்லை, அழுதுகொண்டிருந்தாள். அதற்குப் பிறகு நான் தமிழில் பேசினேன், அவர் வங்காளத்தில் பேசினார். அது போதுமானதாக இருந்தது.

அண்ணாச்சி மூச்சிரைக்க ஓடி வந்து வாசலில் நின்றார். பூரணி போன் போட்டிருக்கிறாள். அவரைப் பார்த்ததும் மாசிமாவுக்குக் குரல் வந்தது. சத்தம் பெரிசாக இல்லை. சொன்னதை எல்லாம் பூரணி பிறகு எனக்குத் தமிழில் சொன்னாள்.

"மூணாவது மாடில இருக்கேன்கிறதுக்காக, ஒரு சாவைக்கூடக் கீழேயே நிறுத்தி வச்சிருவீங்களா? என் புருஷனை இந்தக் கட்டில்ல இருந்துதான் தூக்கிட்டுப் போனாங்க. இதே நெஞ்சுதான் அப்பவும் இருந்துச்சு. பிள்ளைங்க நல்ல சேதி மட்டும் சொல்றாங்க. டாக்டர் நல்ல சேதி மட்டும் சொல்றார். அழறதுக்குக்கூட என்னை விடலைன்னா நான் எதுக்கு உயிரோட இருக்கேன்? அவ மேல கோவிச்சுக்கிட்டு இருந்தேனே. செத்துப்போன பிள்ளை மேல கோவிச்சுக்கிட்டு இருந்தேனே!"

அண்ணாச்சி கையைக் கூப்பினார். "தப்புத்தான் மாசிமா."

"வெல்லத்தை சாம்பார்ல போடு, அய்யாதுரை. பேச்சுல போடாதே."

சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டே எழுந்தார். நாங்கள் தாங்கப் போனோம், வேண்டாம் என்றார். சமையலறைக்குப் போய் ஒரு பானையில் பச்சரிசியைக் களைந்து போட்டார். அதிலேயே ஒரு வாழைக்காய், ஒரு உருளைக்கிழங்கு. எல்லாம் ஒன்றாக வெந்தது. நெய்யும் இந்துப்பும் மட்டும். "துக்க வீட்டுச் சாப்பாடு" என்று பூரணி என் காதில் சொன்னாள். "சொந்தக்காரங்க மட்டும்தான் சாப்பிடுவாங்க. ஒரு நாளைக்கு ஒரு தடவை, இப்படி ஒரே பானைல வேக வச்சு. அவங்க செல்வி அக்காவுக்காகத் துக்கம் இருக்கப் போறாங்களாம்."

எனக்கு ஒரு தட்டு, தனக்கு ஒரு தட்டு. தரையில் உட்கார முடியாததால் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கையால் பிசைந்து, மெதுவாகச் சாப்பிட்டார். நடுவில் நிறுத்தி அழுதார். மறுபடி சாப்பிட்டார். தட்டு காலியாகும் வரைக்கும் மாலதி கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சோற்றில் ருசி என்று ஒன்றும் இல்லை. ஆனால் அக்கா போனதிலிருந்து எனக்குப் பசித்துச் சாப்பிட்ட சோறு அதுதான்.

அதற்குப் பிறகு இருந்த நாட்களில் மத்தியானம் நான் அங்கேதான் சாப்பிட்டேன். முதலில் துக்கச் சோறு. அது முடிந்த பிறகு பருப்பு. கிளம்புகிற அன்றைக்கு மாசிமா மகனிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். பூரணி சிரித்துக்கொண்டே சொன்னாள். "இனிமே யார் செத்தாலும் மொதல்ல எனக்குத்தான் சொல்லணும்னு திட்றாங்க."

நான் அந்தச் சேலையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வாங்கிக்கொள்ளவில்லை. "அங்க என்ன செய்வீங்க இதை?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் கல்யாணம் ஆகாமல் போன பெண்ணைக் கன்னிசாமி என்று கும்பிடுவோம், புதுச் சேலையை ஓலைப்பெட்டியில் மடித்து வைத்து, வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்துப் படைப்போம் என்று சொன்னேன். பூரணி சொல்லி முடித்ததும் மாசிமா சேலையை ஒரு தடவை தடவிப் பார்த்தார்.

"அப்ப நான் சரியாத்தான் வாங்கியிருக்கேன்" என்றார். பிறகு என் மொட்டைத் தலையில் கை வைத்தார். "நானும் தினம் வேண்டிக்கிறேன். ஆனா நான் ஒரு ஆள். தனியா இருக்கிறவ கூப்பிட்டா சாமிக்கு எவ்வளவு கேட்கும்? நீ போற இடத்துல எல்லார்கிட்டயும் சொல்லு. தெரிஞ்சவங்க, தெரியாதவங்க எல்லார்கிட்டயும் சொல்லு."

அதனால்தான் எழுதத் தெரியாதவன் இதை உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். நீங்கள் யாராக இருந்தாலும், எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி. இன்றைக்கு உங்கள் வீட்டில் விளக்குப் பொருத்தும்போது எங்கள் அக்கா செல்விக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள். அவள் போன இடத்தில் காய்ச்சல் இருக்கக் கூடாது. கேட்டதைக் கேட்ட அளவுக்குக் குடிக்கக் கொடுக்க வேண்டும். அவள் அங்கே தனியாக இருக்கக் கூடாது.